புகார் கொடுக்க வழி இருக்கிறது, யோசனை சொல்லத்தான் வழி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென் மாவட்டம் ஒன்றில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாமாண்டு படிக்கிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. வேறு ஊர்களில் படிக்கும் என் பள்ளித் தோழிகளிடம் பேசினால் கட்டடத்தின் பெயர்தான் மாறுகிறது, கதை அதேதான்.

காலிக் குடத்தோடு விடுதி மாணவிகள் சாலையில் உட்கார்ந்தால் மறுநாள் உங்கள் நாளிதழில் படம் வருகிறது, அதிகாரிகள் ஓடி வருகிறார்கள், அன்று சாயங்காலமே மோட்டார் ஓடுகிறது. அதே மாணவிகள் உட்கார்ந்து யோசித்து ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தால் ஒரு வரிப் பதில்கூட வருவதில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஆகஸ்ட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு நோட்டு போட்டோம். வளாகத்தில் எது எது சரியில்லை, அதை எப்படிச் சரிசெய்யலாம், அதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுதுவதற்கான நோட்டு அது. புலம்பலாக இருக்கக் கூடாது, ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து, அளக்க முடிந்தால் அளந்து எழுத வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம்.

நூலகம் 5.30 மணிக்குப் பூட்டப்படுகிறது. எங்களுக்கு வகுப்பு முடிவதே 4.30. லேப் இருக்கிற நாளில் அதுவும் இல்லை. பேருந்தில் வந்து போகிறவர்களை விடுங்கள், விடுதியில் இருப்பவர்களுக்கே புத்தகத்தோடு உட்கார ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. அறையில் நாலு பேர், ஒரு டியூப் லைட், ஒருத்தி தூங்கினால் மற்றவர்கள் வராந்தாவுக்குப் போக வேண்டும். நெட் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் படிக்கிற அக்காக்கள் மாடிப்படி விளக்குக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். மழைக்காலத்தில் அந்த விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும், ஒரு கையால் புத்தகத்தின் மேல் விழும் ஈசலைத் தட்டிக்கொண்டே படிப்பார்கள். முழு நூலகத்தையும் இரவு வரைக்கும் திறந்து வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் இருக்கிற வாசிப்புக் கூடத்தை மட்டும் ஒன்பது மணி வரை திறக்கலாம். புத்தகம் எடுக்கிற பகுதியைப் பூட்டிவிடலாம். ஏற்கெனவே வாசலில் இரவுக் காவலுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், வருகைப் பதிவேட்டை மாணவர்களே முறைபோட்டுப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதினோம். ஆகிற செலவு விளக்குக்கும் மின்விசிறிக்குமான கரண்ட் பில்தான்.

அடுத்தது சாய்தளம். எங்கள் துறைக்குப் பக்கத்துத் துறையில் சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். தேர்வுப் பிரிவுக் கட்டடத்துக்கு அவள் போக வேண்டுமென்றால் கூட இரண்டு பேர் போக வேண்டும். சாய்தளம் இல்லாமல் இல்லை, இருக்கிறது, மஞ்சள் பெயின்ட் அடித்துப் பலகையும் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் தையல்காரர் இன்ச் டேப்பை வைத்து அளந்தோம். வாசல் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், சாய்தளத்தின் நீளம் பத்தடி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. கணக்குப்படி முப்பதடி இருக்க வேண்டியது பத்தடியில் முடிந்துவிட்டது. அது போதாதென்று மேலே போய்ச் சேருகிற இடத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி வேறு. பின்னால் பிடித்துத் தள்ளுகிறவர் கை நழுவினால் அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது. சாய்தளம் கட்டினவர் யாரும் ஒரு தடவை அவளை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்திருந்தால் போதும், சட்டம்கூட வேண்டியிருந்திருக்காது. சாய்தளத்தை நேராக இழுக்க இடம் இல்லை, சுவரை ஒட்டி வளைத்துக் கட்டலாம் என்று சிவில் படிக்கிற தம்பி ஒருவனிடம் படம் வரைந்து வாங்கி இணைத்தோம்.

விடுதி வாசல் நேரத்தைப் பற்றியும் எழுதினோம். பெண்கள் விடுதிக்கு 6.30, ஆண்கள் விடுதிக்கு நேரமே கிடையாது. கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு விதிமுறையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. அதே விதிமுறைதான், மாணவர் சம்பந்தப்பட்ட பாலியல் புகாரை விசாரிக்கிற உள் புகார்க் குழுவில் இளங்கலை, முதுகலை, ஆய்வு மூன்றிலிருந்தும் ஆளுக்கொரு மாணவர் தேர்ந்தெடுக்கப்பட்டு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் வளாகத்தில் அப்படி யாரையும் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தெரிந்த சீனியர் ஒருவருக்கும் நினைவில்லை.

தண்ணீர், கடைசிப் பேருந்து நேரம், கழிவறையில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடப்பது, இதெல்லாம் மீதிப் பக்கங்களில். தண்ணீருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆர்.ஓ. குழாய். காலை ஏழரை மணிக்கு ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் பார்த்தோம், ஒன்றே முக்கால் நிமிடம். முன்னால் முப்பது பேர் நின்றால் முதல் வகுப்பு போச்சு.

இந்த நோட்டு எழுதினதில் எல்லாமே சரியான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். மெஸ் விஷயத்தில் நாங்கள் தப்பாகத்தான் ஆரம்பித்தோம். சாப்பிடாத நாளுக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்று ஒரே வரியில் எழுதி வைத்திருந்தோம். மெஸ்ஸில் சமைக்கிற அண்ணன் அதைப் படித்துவிட்டு எங்களைச் சமையல்கட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் அண்டாவைக் காட்டினார். “பாப்பா, விடிகாலை நாலு மணிக்கு நான் அரிசி அளக்கணும். யார் வருவா, யார் வர மாட்டானு எனக்கு எப்படித் தெரியும்? எட்டு மணிக்கு நீங்க ஊருக்குப் போறேன்னு சொன்னா உலையில போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா?” என்றார். அவர் கேட்டது நியாயம். அப்புறம் அவரும் நாங்களுமாகச் சேர்ந்து யோசித்ததில்தான் தலைக்கணக்கு நோட்டு வந்தது. இரவு எட்டு மணிக்குள் மறுநாள் எந்த வேளை வேண்டாம் என்று அறை எண்ணோடு எழுதிவிட வேண்டும், எழுதினால் அந்த வேளைக்குப் பணம் கிடையாது, எழுதாமல் போனால் உண்டு. எங்கள் பிளாக்கின் துணை வார்டன் மேடம் ஒரு மாதம் செய்து பாருங்கள் என்று ஒப்புக்கொண்டார். மத்தியானம் மூன்று பக்கெட் சோறு மிஞ்சிப் பன்றிக்குப் போய்க்கொண்டிருந்த இடத்தில் இப்போது அரை பக்கெட்கூட மிஞ்சுவதில்லை. மெஸ் பில்லும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆறு பக்கத்தில் நடைமுறைக்கு வந்தது இது ஒன்றுதான், ஏனென்றால் இதைப் பற்றி மட்டும்தான் ஒருவர் எங்களோடு நின்று பேசினார்.

மற்றதெல்லாம் எங்கே போனது? அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். தபாலில் கொடுங்கள் என்றார்கள், தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினோம். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எந்த ஃபைல் என்றார்கள். அதற்கப்புறம் எங்களில் இரண்டு பேரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, உங்களை யார் தூண்டிவிட்டது, எந்தக் கட்சி என்று கேட்டார்கள். ஒருத்தியின் அப்பாவுக்கு போன் போனது. அவர் கட்டட வேலை செய்கிறவர், மகள் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்று பயந்து வேலையைப் போட்டுவிட்டுப் பேருந்தேறி வந்து நின்றார். சாய்தளத்தை டேப் வைத்து அளந்ததற்கு இதுதான் கிடைத்தது. அவர் முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நவம்பரில் மோட்டார் கெட்டு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. முதலாண்டுப் பெண்கள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் லாரித் தண்ணீர் வந்தது, ராத்திரிக்குள் மோட்டாரும் வந்தது. அவர்கள் எங்களிடம் வந்து, “அக்கா, நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க, நாங்க உக்காந்தோம்” என்றார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? மாணவர்கள் எடுத்ததற்கெல்லாம் மறியல் செய்கிறார்கள் என்று மேடைதோறும் வருத்தப்படுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

புகாருக்கு ஒரு பாதை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. யு.ஜி.சி. 2023ல் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை கொடுக்க வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழைத் தராமல் பிடித்து வைப்பது, உதவித்தொகை தாமதம், தேர்வு முடிவு தாமதம் போன்றவற்றுக்கு இது நல்ல வழிதான். ஆனால் வாசிப்புக் கூடத்தை ஒன்பது மணி வரை திறக்கலாம் என்பது யார் மீதும் புகார் இல்லையே. அது ஒரு யோசனை. யோசனைக்கு எந்த மேசையும் இல்லை, எந்தத் தேதியும் இல்லை.

பக்கத்திலிருக்கும் கேரளத்தைப் பாருங்கள். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நாட்களுக்காக மாணவிகளுக்கு வருகைப்பதிவில் விலக்கு வேண்டும் என்று கேட்டது அங்கே தேர்தலில் வென்று வந்த மாணவர் சங்கம். 2023 ஜனவரியில் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு செமஸ்டரிலும் மாணவிகளுக்கு கூடுதலாக 2 சதவீதம் விலக்கு கொடுத்தது. 75 வேண்டிய இடத்தில் 73 இருந்தால் தேர்வு எழுதலாம். அதே மாதத்தில் கேரள அரசு அதை உயர்கல்வித் துறைக்குக் கீழ் வரும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கியது. எங்கள் வகுப்பில் வலியோடு வந்து கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியும் இரண்டு நாள் குறைந்ததற்காக கண்டோனேஷன் பணம் கட்டினவள் இருக்கிறாள். அவளுக்காகப் பேச இங்கே யார் இருக்கிறார்கள்? வகுப்புப் பிரதிநிதியைத் துறைத்தலைவர்தான் நியமிக்கிறார். நல்ல மார்க் வாங்குகிற, எதிர்த்துப் பேசாத ஒருவரை.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வளாகங்களில் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. தேர்தல் வைத்தால் அடிதடி, கட்சி, சாதி எல்லாம் உள்ளே வரும் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு சாதிச் சண்டையைப் பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, அது உண்மையான பயம். ஆனால் அதற்கெல்லாம் யோசித்துத்தான் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு விதிகளைக் கொடுத்தது, 2006லேயே உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லிவிட்டது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும், அந்த வருடம் அரியர் இருக்கக் கூடாது, கல்வியாண்டு தொடங்கிய ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் வேண்டாம் என்றால், சாதி வளாகத்துக்குள் ஏற்கெனவே இல்லை என்றா அர்த்தம்? கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்திலேயே அது தெரிகிறது. தேர்தலை நிறுத்தி அதை நிறுத்த முடியவில்லை.

சரி, தேர்தலுக்கு இன்னும் நாளாகும் என்றே வைத்துக்கொள்வோம். இப்போதே செய்யக்கூடியதாக ஒன்றைக் கேட்கிறேன். மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் யோசனைக்குத் தபால் பிரிவிலேயே ஒரு எண் போடுங்கள், 15 வேலை நாளில் எழுத்தில் பதில் கொடுங்கள். முடியாது என்றாலும் சரி, ஏன் முடியாது என்று எழுதுங்கள். மெஸ் அண்ணன் எங்களுக்கு அண்டாவைக் காட்டின மாதிரி காரணத்தைக் காட்டினால் நாங்கள் வேறு வழி யோசித்துக்கொண்டு வருவோம். அந்த யோசனையையும் பதிலையும் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் அடுத்த வருடம் வருகிறவர்கள் அதையே திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டியிருக்காது. உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், இதற்குப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் ஆறு பக்கத்தின் நகலையும் சாய்தளத்தின் படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன், முதல் பக்கத்தில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் இருக்கின்றன. எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் என் பெயரும் உங்களுக்கு மட்டும், அச்சில் வேண்டாம். பக்கெட்டோடு உட்காரும்போது வருகிற உங்கள் நிருபர் ஒரு தடவை இந்த நகலை எடுத்துக்கொண்டு வந்து, இந்தத் தேதியில் வாங்கினீர்களே, என்ன ஆனது என்று கேட்டால் போதும். ஏப்ரலில் எனக்குப் படிப்பு முடிகிறது. சக்கர நாற்காலித் தோழிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, நவம்பரிலும் ஏப்ரலிலும் அவள் தேர்வுப் பிரிவுக்குப் போயாக வேண்டும்.

இப்படிக்கு,
முதுகலை இரண்டாமாண்டு மாணவி