பாப்பாவுக்கு, நான் படித்த நாவல்களைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், புது ஆள் இன்னும் வரவில்லை. வீட்டு விஷயம் இவ்வளவுதான். போன வாரம் போனில் நீ கேட்டாயே, வேள்பாரி இரண்டாம் பாகம் நகரவே மாட்டேன் என்கிறது, விட்டுவிடட்டுமா, நீ இப்போது என்னதான் படிக்கிறாய் என்று, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது.

முதலில் வேள்பாரி. விடாதே. ஆனால் நீ படிக்கிற விதத்தை மாற்று. சு. வெங்கடேசன் அதை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதினார். அடுத்த வாரம் வரைக்கும் மனதில் வைத்திருக்கிற மாதிரி ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். நீ சனிக்கிழமை ராத்திரி நூறு பக்கம், ஞாயிற்றுக்கிழமை நூறு பக்கம் என்று விழுங்கினால் போர் வந்து, போர் வந்து, மறுபடியும் போர் வந்து அலுத்துத்தான் போகும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் படி, அதற்கு மேல் வேண்டாம். முதல் பாகத்தில் கபிலர் பறம்பு மலை ஏறுகிறாரே, நீலன் கூடவே போய் ஒவ்வொரு செடியாக, ஒவ்வொரு விலங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறானே, அதை நான் அப்படித்தான் படித்தேன். வடக்குப் பக்கம் பார்த்தே உட்காருகிற அந்தத் தேவாங்கு ஒன்று போதும், அதை வைத்தே கடல் வணிகமும் மூவேந்தர் பேராசையும் காட்டின் மேல் வந்து விழுவதைச் சொல்லிவிடுகிறார். அதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டாம் பாகத்துப் போர் நீளம்தான், அதில் உன் கட்சிதான் நானும். வியூகம், ஆயுதம், மறுபடியும் வியூகம் என்று வரும்போது எனக்கு மலையடிவாரத்துக் குடிகள் என்ன சாப்பிட்டார்கள், பிள்ளைகளை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது.

எந்த நாவலாக இருந்தாலும் நான் அதைத்தான் பார்க்கிறேன் பாப்பா. கதாநாயகனும் கதாநாயகியும் நன்றாகத்தான் இருப்பார்கள், அவர்களுக்காகத்தானே எழுதுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு கவலை, ஒரு வேலை, ஒரு கோபம் இருக்கிறதா, இல்லை கதாநாயகனுக்குச் சேதி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்களா? அதில்தான் எழுதுகிறவர் மனசு தெரிகிறது. ஜனங்கள் விரும்பிப் படிக்கிற நாவல் என்றால் மட்டம் என்று உங்கள் ஆபீஸில் யாரோ சொன்னதாகச் சொன்னாய். அது சரியில்லை. படிக்க ஓடுகிறது என்பது ஒரு நாவலுக்குக் குறையே இல்லை.

பொன்னியின் செல்வனை இந்தக் கோடையில் மறுபடி எடுத்தேன். நீ படம் இரண்டு பாகமும் பார்த்தாயிற்று, அதனால் கதை தெரியும் என்கிறாய். கதை தெரிந்தால் போதாது. 1950-லிருந்து 1954 வரைக்கும் கல்கி வாரம் தவறாமல் எழுதியது அது, ஐந்து பாகம். ஆயா வீட்டில் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள், மறுபடி தொடராகப் போட்ட காலத்தில் சேர்த்தது. பைண்டு பண்ணியவர் ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டதால் சில பக்கங்களில் கடைசி வரியின் மேல்பாதி மட்டும்தான் இருக்கும், எழுத்தின் தலையைப் பார்த்து ஊகித்துப் படிப்போம். நானும் உன் பெரியம்மாவும் அதற்குச் சண்டையே போட்டிருக்கிறோம், அது 'வந்தான்' இல்லை 'வந்தாள்' என்று. இன்னொன்று உனக்குத் தெரியுமா, அந்தக் கதைக்கு முதலில் படம் போட்ட மணியத்தின் மகன்தான் வேள்பாரிக்குப் படம் போட்ட மணியம் செல்வன்.

அப்புறம் அது நம் கடலூர் மாவட்டத்துக் கதை, அதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்றைக்குக் குதிரையில் வருகிறானே, அந்த ஏரிக்கரை நம் வீராணம். சேத்தியாத்தோப்பு தாண்டிக் காட்டுமன்னார்கோயில் போகும்போது பஸ் கரையோடு போகுமே, இன்றைக்குச் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிற அதே ஏரி. அவன் ராத்தங்கி சதியாலோசனையை ஒட்டுக்கேட்கிற கடம்பூரும் அங்கேதான் பக்கத்தில், மேலக்கடம்பூர் கோயிலுக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப் போயிருக்கிறோம். காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களைச் சொல்லி, அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பேசுகிறது. கதையில் வருகிற ரவிதாசன் கல்கி கற்பனையாகப் பிடித்த பெயர் இல்லை. அந்தக் கல்வெட்டுக்கு மேல் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால்தானோ என்னவோ, கொன்றது யார் என்பதைக் கல்கியும் கடைசி வரைக்கும் உடைத்துச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

குறையும் சொல்கிறேன். யாராவது ஒருவர் எப்போதும் தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கிறார். எதிர்பாராத சந்திப்பு இல்லாத அத்தியாயமே இல்லை. வாரப் பத்திரிகைக்கு அது வேண்டியிருந்தது, விடு. குந்தவையும் எனக்கு ரொம்ப நேரம் சிலை மாதிரிதான் தெரிகிறாள். ஆனால் கோடிக்கரையில் ஓடம் விடுகிற பூங்குழலி, வாய் பேசாத மந்தாகினி, கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிற சேந்தன் அமுதன், இவர்கள் வருகிற பக்கங்களை வேகமாகத் தள்ளாதே. படத்தில் இவர்களுக்கு இடம் குறைவு. மந்தாகினி ஒரு வார்த்தை பேசாமல் அந்த ராஜ குடும்பத்தையே ஆட்டி வைக்கிறாள். அதை எழுதுவது ராஜாவை எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன்.

பிரபஞ்சனுடைய மானுடம் வெல்லும், வானம் வசப்படும் இரண்டையும் சேர்த்துப் படித்தேன். இரண்டாவது நாவலுக்கு 1995-இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. அவர் புதுச்சேரிக்காரர், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வைத்து எழுதியவை இவை. பிள்ளை பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவராக இருந்தவர், 1736-இல் ஆரம்பித்து 1761-இல் சாகிற வரைக்கும் எழுதியிருக்கிறார், அரசியலும் உண்டு, ஊர் வம்பும் உண்டு, ஜோசியமும் உண்டு. அதிலிருந்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயை எடுப்பது சுலபம். பிரபஞ்சன் அவரோடு நிற்காமல் தாசிகளையும் தறிக்காரர்களையும் கடைத்தெருக்காரர்களையும் எடுத்து உட்கார வைக்கிறார். அதனால்தான் எனக்குப் பிடித்தது.

அதில் வருகிற போரில் எதிர்ப்பக்கம் நிற்கிற ஊர் நம்முடையது. 1746-இல் சென்னப்பட்டணம் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்த பிறகு இங்கிலீஷ்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்துதான் காரியம் பார்த்தார்கள். நாம் சில்வர் பீச்சுக்குப் போகிற வழியில் கெடிலத்துக் கரையில் இடிந்து கிடக்கிற அந்தக் கோட்டைதான். 1748-இல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள், இடித்தது புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள். மிஷன் வீதியில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில்தான் அந்தப் பழைய கோயில் இருந்தது. நாவலில் அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிற பெரிய மனிதர்கள் தங்கள் பதவி, தங்கள் கணக்கு என்று பார்த்துக்கொண்டிருக்க, கோயிலை நம்பி வாழ்ந்தவர்கள் தெருவில் நிற்கிறார்கள். பிள்ளையையும் பிரபஞ்சன் விட்டுக்கொடுத்து எழுதவில்லை, உயர்த்தியும் எழுதவில்லை. அடுத்த முறை நீ வரும்போது புதுச்சேரிக்குத் துணி எடுக்கப் போனால், பெரிய மார்க்கெட் பக்கம் பிள்ளையின் வீடு இன்னும் இருக்கிறது, இருவரும் போய்ப் பார்ப்போம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

இமையத்தின் செல்லாத பணம். 2020-க்கான சாகித்ய அகாதெமி பரிசு இதற்குத்தான். அவரும் நம் மாவட்டத்துக்காரர், விருத்தாசலத்துப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. இன்ஜினியரிங் படித்த பெண் ரேவதி, ஆட்டோ ஓட்டுகிற ரவியைத்தான் கட்டுவேன் என்று கட்டிக்கொள்கிறாள், பிறகு ஒரு நாள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தானே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? நாவலில் பெரும்பகுதி அந்த வார்டுக்கு வெளியே நடக்கிறது. தலைமை ஆசிரியராக இருந்த அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, வேறு வேறு ஊரிலிருந்து தங்கள் பெண்ணையோ மருமகளையோ கொண்டுவந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள், எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வர்ணனை ரொம்பக் குறைவு, பேச்சுதான். நம் ஊர்ப் பேச்சு, அப்படியே.

ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டில் போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு உண்மை என்று. கடலூர், விழுப்புரம் என்று எங்கிருந்து வந்தாலும் அங்கே ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவரோடு உறவாகிவிடுவோம். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது மரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு அம்மா, என்னிடம் பேர்கூடக் கேட்காமல், அவர்கள் கொண்டுவந்த புளிச்சோற்றில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்கள். "சாப்பிடு, நீ விழுந்துட்டா அவர யாரு பாக்கறது?" என்றார்கள். இமையத்தின் நாவலில் அந்த மாதிரி ஆட்கள் வருகிறார்கள், வந்து தங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், யாரையும் அவர் அலங்காரத்துக்கு நிறுத்தவில்லை. ரவியைக்கூடப் பேச விடுகிறார். அவன் பேசும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாத ஒன்றாக மாறியது. ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது என்று உன் அண்ணி சொன்னாள். வருகிறதுதான். அந்த இடத்தில் மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள், சொன்னதையே சொல்லித்தான் தாங்கிக்கொள்வார்கள்.

உன் கல்யாணப் பேச்சுக்காக நான் இதை எழுதவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் அந்த நாவலில் பெண்ணுக்கும் பெற்றவர்களுக்கும் நடுவில் விழுந்த இடைவெளிதான் எனக்குத் தீயைவிடப் பயமாக இருந்தது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ யாரைக் கட்டிக்கொண்டாலும், கட்டாமலே இருந்தாலும், எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ராத்திரி எந்நேரமும் இந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். ஏன் என்று காலையில் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார்.

அதைப் படித்த பிறகு இன்னொன்றைப் படிக்க முடியாமல் போயிற்று. எதிர்வீட்டு மருமகள் கிண்டிலில் நிறைய காதல் கதை இறக்கி வைத்திருக்கிறாள், எனக்கும் கொடுப்பாள். நிறையப் பேர் எழுதுகிறார்கள், நன்றாகவும் எழுதுகிறார்கள், குடும்பத்தில் நடக்கிற சின்னச் சின்ன உரசலை எல்லாம் கண்ணால் பார்த்த மாதிரி சொல்கிறார்கள். ஆனால் அதில் ஆன்ட்டி ஹீரோ என்று ஒரு வகை ஓடுகிறது. பெண்ணைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொண்டு, அறைந்து, பூட்டி வைத்து, முப்பதாவது அத்தியாயத்தில் அழுது மன்னிப்புக் கேட்பான், அவளும் மன்னித்துவிடுவாள். நான் அந்த மருமகளிடமே சொன்னேன், அம்மா, இதை எனக்கு அனுப்பாதே என்று. அறைந்த கையை அன்பு என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. பிஞ்சு வயதுப் பெண்கள் போனில் படிக்கிறார்கள்.

துப்பறியும் மாத நாவல்கள் அப்படி இல்லை, அதில் கெட்டவன் கெட்டவனாகவே இருந்து மாட்டிக்கொள்வான். ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறு நாவலுக்கு மேல் எழுதிவிட்டார் என்கிறார்கள், விவேக்கும் ரூபலாவும் இன்னும் சளைக்கவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்குவதற்குள் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. மறுநாள் கதை நினைவில் இருக்காது, அது பரவாயில்லை, படிக்கிற நேரத்துக்கு வேறு கவலை இல்லாமல் இருந்ததே.

அண்ணனிடம் சொல்லி வானம் வசப்படும், செல்லாத பணம் இரண்டையும் கொரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கூடவே முறுக்கும் எள்ளடையும் இருக்கும், அதில் எண்ணெய் கசியும், புத்தகத்தைத் தனியாகத்தான் கட்டச் சொன்னேன். மானுடம் வெல்லும் லைப்ரரிப் புத்தகம், அதை அனுப்ப முடியாது, அங்கே கிடைத்தால் முதலில் அதைப் படித்துவிடு. செல்லாத பணத்தை ராத்திரி தனியாக உட்கார்ந்து ஆரம்பிக்காதே, லீவு நாளில் பகலில் எடு. அந்த அம்மா கதாபாத்திரத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும், போனில் வேண்டாம், எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா
கடலூர்