பார்சிலோனாவிலிருந்து ஒயின் ஊருக்கு: கார் வேண்டாம், ரயில் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்பெயின் பயணக் கட்டுரை, பார்சிலோனாவில் வாடகைக் கார் எடுத்து ஒரே நாளில் நான்கு ஒயின் ஆலைகளைச் சுற்றிவிடலாம் என்கிறது. நேரம் மிஞ்சினால் ரியோஹா என்ற இன்னொரு ஒயின் வட்டாரத்தையும் எட்டிப் பார்க்கலாமாம். ரியோஹா அங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல். காலையில் சென்னையில் கிளம்பி, மதுரையை எட்டிப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் கணக்குதான் இது.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் போக வேண்டிய இடம் பெனதெஸ். காவா என்ற நுரைக்கும் ஒயினின் தாய்வீடு. அதன் நடுநாயகமான சான் சதுர்னி என்ற ஊர் பார்சிலோனாவுக்கு மேற்கே சுமார் 45 கி.மீ.; ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்றைக்கு இரண்டு ஆலைகள் போதும். மூன்றாவதில் நாக்கும் மூக்கும் வேலை செய்யாது.

கார் ஏன் கூடாது என்பதற்குக் கணக்கே சாட்சி. ஸ்பெயினில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் பொது வரம்பு. உரிமம் பெற்று இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு 0.3. ஒரு ஆலையில் 60 மில்லி வீதம் நான்கு வகை ஊற்றினால் 240 மில்லி. 12 சதவீத ஒயினில் அது சுமார் 23 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு இதுவே 0.5-ஐத் தாண்டக்கூடும், அதே எடையுள்ள பெண்ணுக்கு இன்னும் கூடுதல். உடல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது ஏறத்தாழ 0.15 மட்டுமே. ஆக, முதல் ஆலையிலிருந்து வெளியே வரும்போதே வண்டிச் சாவியைத் தொடக் கூடாது. அபராதம் 500 யூரோவில் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

ரயிலிலும் ஒரு பொறி உண்டு. ஏற வேண்டியது ஆர்4 தடம். சான்ட்ஸ், கத்தலூன்யா சதுக்கம் இரண்டு நிலையங்களிலும் நிற்கும். அது போய்ச் சேரும் கடைசி நிலையத்தின் பெயர் சான் விசென்ஸ். ஆர்2 தெற்குத் தடத்து வண்டிகள் பலவும் அதே சான் விசென்ஸில்தான் முடிகின்றன; ஆனால் அவை கடலோரமாக சிட்ஜஸ், விலானோவா வழியே போகும். நமக்கு வேண்டியதோ கடலை விட்டு உள்ளே, சான் சதுர்னியைத் தொட்டு விலாஃப்ராங்கா வழியே போகும் தடம். பலகையில் கடைசி ஊரை மட்டும் பார்த்து, விலானோவாவையும் விலாஃப்ராங்காவையும் குழப்பிக்கொண்டு ஏறுபவர்கள் கடற்கரையில் போய் இறங்குவார்கள். ஆர்4 என்ற எழுத்தைப் பாருங்கள். மறுமுனை மன்ரேசா என்பதால் திசையையும் பாருங்கள். நகருக்குள் மெட்ரோவில் செல்லும் ஒரு மண்டல டி-கசுவால் அட்டை சான் சதுர்னி வரை செல்லாது. அந்த ஊர் பெயரைச் சொல்லிப் போகவரச் சீட்டு எடுத்துவிடுவது நல்லது. இந்தப் புறநகர் ரயில்கள் தாமதத்துக்குப் பேர்போனவை. தண்டவாளப் பணி நடந்தால் சில இடங்களில் பேருந்துக்கு மாற்றிவிடுவார்கள். முந்தின இரவே ரொடாலியெஸ் என்ற இந்தப் புறநகர் ரயில் சேவையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, தேவையானதற்கு ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புங்கள்.

முன்பதிவு இல்லாமல் கதவைத் தட்டுவது வீண். நம் ஊர் ‘ஒயின் ஷாப்’ போல ஷட்டர் திறந்திருந்தால் நுழையும் இடமல்ல இவை. பதிவு செய்யும்போது தேதியும் நேரமும் மட்டும் பார்க்காமல் மொழியையும் பார்க்க வேண்டும். கட்டலான் (அந்த வட்டார மொழி), ஸ்பானிஷ், ஆங்கிலச் சுற்றுகள் தனித்தனி நேரங்களில் நடக்கும். காலியாக இருந்த நேரத்தைச் சொடுக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கட்டலானில் தலையாட்டிவிட்டு வருபவர்கள் நிறைய. கட்டணம் ஆளுக்குச் சுமார் 20 யூரோவில் தொடங்கி மேலே போகும். ஞாயிறு பிற்பகலிலும் திங்களிலும் பல ஆலைகள் மூடியிருக்கும். சிறிய ஆலைகள் ஆகஸ்டில் விடுமுறை விடுவதுண்டு. அறுவடை ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் முழுக்க நடக்கும். அப்போது திராட்சை வண்டிகளைப் பார்க்கலாம், ஆனால் பணியாளர்களுக்கு நம்மோடு பேச நேரம் இருக்காது. வியாழன் அல்லது வெள்ளி உத்தமம்.

இரண்டு ஆலைகளில் ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று வைத்துக்கொண்டால் காவாத் தொழில் முழுதும் கண்ணுக்குத் தெரியும். பெரியதில் ஃப்ரெஷெனெட் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, இறங்கினால் வாசல். கொடோர்னியூ அரை மணி நடை. அங்கே கட்டடக் கலைஞர் ஜோசெப் புய்ச் இ கடஃபால்க் வடித்த செங்கல் வளைவுக் கட்டடங்களுக்காகவே அந்த நடை நடக்கலாம். கொடோர்னியூ குடும்பத்து ஜோசெப் ரவெந்தோஸ் 1872இல் இங்கேதான் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கவைக்கும் முறையில் நுரை ஒயினை முதலில் செய்தார். 1887 வாக்கில் ஃபைலாக்செரா பூச்சி இந்த வட்டாரக் கொடிகளை அழித்தபோது, மறுபடி நட்டதில் மகபேயோ, ஷரெல்லோ, பரெயாதா என்ற வெள்ளைத் திராட்சைகள் மேலோங்கின. இன்றைய காவாவின் அடிப்படை அந்த மூன்றுதான். பூச்சியின் பெயரிலேயே செப்டம்பர் தொடக்கத்தில் ஊர் ஒரு திருவிழா எடுக்கிறது, கெடுத்தவனுக்கும் உற்சவம்!

சிறியதில் ஊருக்குள்ளேயே இருக்கும் ரெகரெதோவைச் சொல்லலாம். அவர்கள் செய்வதெல்லாம் சர்க்கரை சேர்க்காத புருட் நேச்சர். பெயரளவில் அது இப்போது காவா அல்ல: தோட்டம் முழுக்க இயற்கை வேளாண்மை, கையால் அறுவடை, பாட்டிலில் குறைந்தது 18 மாதம் பதப்படுத்தல் என்ற கடும் விதிகளோடு ஒன்பது ஆலைகள் 2019இல் காவா அமைப்பிலிருந்து விலகி, கோர்பினாட் என்ற முத்திரையின் கீழ் விற்கின்றன. இந்தப் பிரிவைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். பெரிய ஆலையில் ஒரு பதில் வரும், சிறிய ஆலையில் வேறு பதில். இரண்டையும் கேட்பதுதான் அன்றைய பயணத்தின் ருசியான பகுதி.

நிலவறையில் கவனிக்க வேண்டியது பாட்டிலின் அடியில் தங்கும் மண்டி. சாதாரண வெள்ளை ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுகிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்து ஆறு பார் அளவுக்கு, அதாவது காற்றழுத்தத்தின் சுமார் ஆறு மடங்கு, அழுத்தம் ஏறும். செத்த ஈஸ்ட் மண்டியாகிறது. அதோடு கிடக்கும் காலம்தான் ரொட்டி வாசனையைத் தருகிறது. காவாவுக்குக் குறைந்தது 9 மாதம், அதன் மேல் தரங்களான ரெசெர்வாவுக்கு 18, கிரான் ரெசெர்வாவுக்கு 30. பிறகு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியேற்றுகிறார்கள். கையால் திருப்பினால் மூன்று வாரத்துக்கு மேல், இயந்திரக் கூண்டில் ஒரு வாரத்துக்குள். மண்டி நீக்கிய தேதி பின்பக்கச் சீட்டில் அச்சாகியிருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஜூலையிலும் 14, 15 டிகிரிதான், சால்வை வேண்டும். சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் நிற்பவரின் ஒயினையும் கெடுக்கும்.

சுவைக்கும் மேசையில் வாளி போல ஒன்று இருக்கும். வெற்றிலை போடும் வீட்டுப் பணிக்கம்தான். துப்புவது அங்கே அவமரியாதை அல்ல, தொழில் தெரிந்தவர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

பாட்டில் சீட்டில் உள்ள சொல் ஏமாற்றும். ‘செக்கோ’ என்றால் ஸ்பானிஷில் வறண்டது என்று பொருள், ஆனால் அதில் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை. புருட் 12 கிராமுக்குள், புருட் நேச்சர் 3 கிராமுக்குள். முதல் முறை குடிப்பவருக்குப் புருட் நேச்சர் புளித்துத் தோன்றலாம். செமி செக்கோவில் 32 முதல் 50 கிராம். ஊற்றும் வரிசை எப்போதும் சர்க்கரை குறைந்ததிலிருந்து கூடியதற்கு. முதலில் இனிப்பைக் குடித்தால் அடுத்தது எலுமிச்சைச் சாறாகிவிடும்.

முதல் பதிவு 10.30, இரண்டாவது 12.45 என்றால் நடக்கவும் மூச்சு விடவும் இடைவெளி இருக்கும். மூன்று மணிக்குள் சாப்பாட்டில் உட்காரலாம். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பக் கூடாது. சைவர்களுக்குத் தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாடாவும் கைகொடுக்கும். அதன் மேல் நெத்திலி வைப்பதுண்டு, ‘சென்சே அஞ்சோவெஸ்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஷதோ என்ற கீரைக் கலவையில் உப்புக் கருவாடு இருக்கிறது.

பாட்டில் வாங்குவோர் கவனத்துக்கு: இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடியது இரண்டு லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். கைப்பையில் விமானத்தில் அனுமதி இல்லை. துணி சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாசகர், பார்சிலோனா