முதலாம் படிவக்காரனின் அம்மாவுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எங்களோடு இருந்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் படிக்கும் உன் மகனைப் பற்றி நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல் பதிவுகளை எல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன், பொறுமையாகப் படி.

முதலில் கைப்பேசி. இடைவேளையில் அவனோடு ரெண்டு வார்த்தை பேசணும், பையில் போட்டு அனுப்புங்கள் என்கிறாய். முடியாதும்மா. மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரக்கூடாது என்று பதிவு நாளில் நானும் உன் அப்பாவும் கையெழுத்துப் போட்ட தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. பிடிபட்டால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்ப வாங்கப் பெற்றோர் நேரில் வரவேண்டும். அதற்காக சிங்கப்பூரிலிருந்து இங்கே பினாங்கு மாநிலத்துப் பிறை வரைக்கும் பஸ் ஏறி வருவாயா? அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்துக்கு அடி, கூப்பிட்டுக் கொடுப்பார்கள். மற்றபடி மத்தியானம் அவன் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன்.

அப்புறம் அவன் தலை. பக்கவாட்டில் மழித்து மேலே குருவிக்கூடு மாதிரி விட்டுக்கொள்ள நீ காசு அனுப்பியது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? திங்கட்கிழமை சபைகூடலில் கட்டொழுங்கு ஆசிரியர் வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார். சாயங்காலமே அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ஒட்ட வெட்டிக் கூட்டி வந்தார், இவன் ரெண்டு நாள் எங்களோடு பேசவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போடும் வேண்டுதல் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று அந்த ஆசிரியரையே கேட்டேன். முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் போதும் என்றார், நல்ல மனிதர்தான்.

பிரம்படி விழுமோ என்று பயப்படுகிறாய். யார் வேண்டுமானாலும் பிரம்பைத் தூக்கிவிட முடியாது. பள்ளி முதல்வரோ அவர் அனுமதி கொடுத்தவரோதான் அடிக்கலாம், பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது, 1959-லிருந்தே கட்டொழுங்கு விதியில் அப்படித்தான் இருக்கிறது. முடி வெட்டாததற்கெல்லாம் பிரம்பை எடுக்கிற பள்ளி இல்லை இது.

வெள்ளிக்கிழமை மட்டம் போட வைத்து அங்கே அழைத்துக்கொள்கிறேன் என்றாயே, அதுவும் வேண்டாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டர் தரும் எம்.சி. சான்றிதழ் கொடுக்கலாம், வீட்டில் ஒரு காரியம் என்றால் கடிதம் கொடுக்கலாம், அம்மாவைப் பார்க்கப் போனான் என்று எழுதிக் கொடுக்க எனக்குக் கை வராது. காரணம் சொல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். பள்ளி விடுமுறையில் வந்து அழைத்துப் போ, முழு வாரமும் வைத்துக்கொள்.

பரீட்சை விஷயத்தில் நீ இன்னும் உன் காலத்திலேயே இருக்கிறாய். உனக்கு மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர். பரீட்சை இருந்தது, பிறகு வந்த பி.டி.3-ஐயும் 2022-ல் எடுத்துவிட்டார்கள், ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. இப்போது பெரிய அரசாங்கப் பரீட்சை என்றால் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம்.தான். நடுவில் ஆண்டு இறுதித் தேர்வும், வகுப்பில் ஆசிரியர் பார்த்துப் போடும் அடைவுநிலையும். அது ஒன்றிலிருந்து ஆறு வரை, ஆறுதான் மேல். "எத்தனாவது இடம் வந்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதே. கணிதத்தில் மூன்று என்று வந்தால் அதில் எந்தப் பகுதியில் தடுமாறுகிறான் என்று கேள், பையன் பதில் சொல்வான்.

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸாப் குழுவில் வகுப்பாசிரியரிடம் வீட்டுப்பாடம் கேட்டாயாமே, அடுத்த வீட்டு அம்மா காட்டினார். அந்த ஆசிரியரும் பிள்ளைகுட்டிக்காரர், தூங்க விடு.

இப்போது முக்கியமான ஒன்று. தமிழ் கூடுதல் சுமை, விட்டுவிடட்டும் என்று சொன்னாய், எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், பதின்மூன்று வயதில் நிறுத்திவிட்டால் எஸ்.பி.எம். சமயத்தில் தமிழும் இலக்கியமும் எடுக்கிறேன் என்று திடீரென்று எங்கிருந்து வருவான்? ஆனால் நான் சொல்ல வந்தது அவனை மட்டும் பற்றி இல்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழ் தானாக நடக்காது. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தவேண்டும் என்று 1996-ஆம் ஆண்டு மலேசியக் கல்விச் சட்டம் சொல்கிறது, கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று விட்டுவிடலாம். இங்கே தமிழ் டீச்சர் விண்ணப்பப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகக் கேட்கிறார், இன்னும் நாலு பேர் குறைகிறார்களாம். உன் கையெழுத்து இல்லாமல் வகுப்பு நின்றுபோனால் அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கும் இல்லை. தலைமுடிக்கும் கைப்பேசிக்கும் விதியைத் தளர்த்தச் சொல்லத் தெரிகிறது, சட்டம் உனக்கே கொடுத்திருக்கிற உரிமையைக் கேட்க மட்டும் சோம்பலா?

பாட்டி நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன், தாயோ தகப்பனோதான் போடணும் என்றுவிட்டார் டீச்சர். வகுப்பு பள்ளி முடிந்த பிறகு நடக்கும், அப்பா மோட்டாரில் போய்க் கூட்டி வருவார், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

பாரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோடு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பு, மாப்பிள்ளைக்கும் சொல்லிவிடு. இன்னொன்று, பள்ளிக்குப் போடும் கறுப்புச் சப்பாத்து இப்போதே கட்டைவிரலைக் கடிக்கிறதாம். உன் காலத்து வெள்ளைச் சப்பாத்து இப்போது கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை பூசும் வேலை மிச்சம், ஆனால் வளர்கிற கால் வளரத்தான் செய்கிறது. ஒரு அளவு பெரிதாக நீயே வாங்கி வா, அங்கே விலை அதிகம் என்றால் காசாக அனுப்பு, நான் பட்டர்வொர்த்தில் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா