என் கட்டைவிரல் தோற்றதை என் முடிவு என்று எழுதாதீர்கள்

கதைக்கு முதலிடம் தரும் ரோல் பிளேயிங் கேம்களை உருவாக்கும் ஸ்டுடியோக்களுக்கும் அவற்றின் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கேம்களை இருபது ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். சண்டையை எளிதாக்கிக் கதையை ரசிக்க விடும் 'ஸ்டோரி மோட்' வேண்டும் என்று எத்தனை பேர், எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள், அதற்கு என்னென்ன பதில்கள் வந்தன என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்தப் பழைய கதையை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு கேமில் 52 மணி நேரத்தைத் தாண்டியிருந்தேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு ஸ்டுடியோவை மட்டும் குற்றம் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. முதல் மணி நேரத்திலிருந்து என்னோடு வந்த தோழி ஒருத்தி, உடைந்த பாலத்தின் விளிம்பில் என் கையைப் பிடித்துத் தொங்குகிறாள். திரையில் ஒரு பட்டன் மின்னுகிறது. அதை விடாமல் வேகமாகத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட ஒரு வட்டம் நிறையும். முழுதாக நிறைந்தால் அவள் மேலே வருவாள்.

என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோயிருக்கிறது. நிதானமாக விளையாடும் வரை தொந்தரவு இல்லை. வேகமாகத் தட்டினால் நாலைந்து நொடிக்குள் மணிக்கட்டு வரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வட்டம் பாதியைத் தாண்டும், அப்புறம் இறங்கத் தொடங்கும், அவள் விழுந்துவிடுவாள். சண்டையின் கடினத்தைக் கடைசி நிலை வரை குறைத்துப் பார்த்தேன். வட்டம் அசையவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டினேன். மேசையில் கிடத்தி இடது கையால் தட்டினேன். பதினெட்டு முறை அவளை விழவிட்டேன். பத்தொன்பதாவது முறையும் விழுந்தபோது, முன்பு பதிவு செய்து வைத்த இடத்துக்கு (சேவ்) திரும்பாமல் கதையைப் போகவிட்டேன்.

அத்தியாயம் முடிந்ததும் நான் எடுத்த முடிவுகளின் பட்டியல் வந்தது. அதில் நடுவில் ஒரு வரி: அவளை நான் கைவிட முடிவு செய்தேனாம்.

அந்த வரியைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அவள் தம்பியை மீட்பதற்காக ஒரு ஊரையே பகைத்துக்கொண்டேன். இருந்ததிலேயே நல்ல வாளை விற்று அவளுக்கு மருந்து வாங்கினேன். அவள் என்னிடம் பொய் சொன்ன இரவில், மூன்று பதில்களில் எதைச் சொல்வது என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். அவையெல்லாம் என் முடிவுகள். நல்லதோ கெட்டதோ, அவற்றுக்கு நான் பொறுப்பு. பாலத்தில் நான் எதையும் முடிவு செய்யவில்லை. என் மூட்டில் தேய்ந்துபோன குருத்தெலும்பை உங்கள் எழுத்தாளர்கள் என் குணமாகப் பதிவு செய்துவிட்டார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். பாலத்துக்கு முந்தைய சேவ்-ஐத் திறந்து, கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன். ஆறே நொடி. "இவ்வளவுதானா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். தோழி மேலே ஏறி வந்து என் கதாபாத்திரத்தைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் விளையாட மனம் வரவில்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கையின் வேகம் வேறு, கதையில் எடுக்கும் முடிவு வேறு. இரண்டையும் பிரித்துவையுங்கள். கை வேகம் தேவைப்படும் ஒவ்வொரு இடத்திலும், வேண்டாதவர் அதை அணைத்துவிட ஓர் ஆப்ஷன் கொடுங்கள்.

இது முடியாத காரியம் இல்லை என்று உங்கள் துறையே காட்டியிருக்கிறது. 2012-இல் வந்த மாஸ் எஃபெக்ட் 3, தொடங்கும்போதே ஆக்‌ஷன், ரோல் பிளேயிங், ஸ்டோரி என்று மூன்று வழிகளைத் தந்தது. சண்டையில் நாட்டமில்லாதவருக்குச் சண்டை எளிதானது. உரையாடலில் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க விரும்பாதவருக்கு உரையாடல் தானாக ஓடியது. இந்த இரண்டாவது விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். என்னைப் போன்றவர்கள் உயிராக நினைக்கும் ஒன்றையே வேண்டாம் என்பவருக்கும் அங்கே இடம் இருந்தது. ஆனால் அதே கேமில், பலர் சேர்ந்து விளையாடும் மல்டிபிளேயர் பகுதியைத் தொடாதவருக்கு, போருக்கு எவ்வளவு தயார் என்று காட்டும் 'போர்த் தயார்நிலை' ஐம்பது சதவீதத்திலேயே நின்றது. அதனால் கதையின் சிறந்த இறுதிக் காட்சியை எட்டுவது கடினமானது. அதே ஆண்டு பின்னர் வந்த எக்ஸ்டெண்டட் கட் என்ற கூடுதல் பகுதி, அதற்குத் தேவையான அளவைக் குறைத்தது. 'விருப்பம்' என்று பெயர் வைத்த ஒன்றின் பின்னால் கதையின் முடிவைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

2011-இன் டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷனையும் நினைத்துப் பாருங்கள். மறைந்து போகலாம், ஹேக் செய்யலாம், வழியில் யாரையும் கொல்லாமலே கடக்கலாம். அந்த நம்பிக்கையில் உங்கள் திறன் புள்ளிகளையெல்லாம் அதற்கே செலவழித்துவிட்டு ஓர் அறைக்குள் நுழைந்தால், கதவு மூடிக்கொள்ளும், எதிரே ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, நிற்பார். நேருக்கு நேர் சண்டை போட்டே தீர வேண்டும். ஆட்டக்காரர்கள் சத்தமாக முறையிட்டார்கள். 2013-இல் டைரக்டர்ஸ் கட் என்ற பெயரில் வந்த திருத்திய பதிப்பில் அந்த அறைகளை மாற்றியமைத்து, ஹேக் செய்கிறவருக்கும் மறைகிறவருக்கும் வழி வைத்தார்கள். கதையில் எதுவும் குறைந்துபோகவில்லை.

எளிதாக்கச் சொன்னால் 'படைப்பாளியின் நோக்கம்' என்ற பதில் அடிக்கடி வருகிறது. அதை நான் மதிக்கிறேன். கடினத்துக்கும் நான் எதிரி இல்லை. 2010-இன் ஃபால்அவுட்: நியூ வேகஸில் ஹார்ட்கோர் மோடை நானே விரும்பித் தேர்ந்தெடுத்தேன். பசி, தாகம், தூக்கம் மூன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் தேடி அலைந்த அலைச்சலில்தான் அந்தப் பாலைவனம் எனக்கு நிஜமானது. அதுவும் ஒரு விருப்ப மோட்தானே? 2023 நவம்பரில் பால்டர்ஸ் கேட் 3-க்கு வந்த ஓர் அப்டேட், ஒரே சேவோடு போராடும் ஹானர் மோடையும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளும் கஸ்டம் மோடையும் சேர்த்தே கொண்டுவந்தது. ஒருவர் ஆட்டம் இன்னொருவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. இந்த வகை விளையாட்டின் வேரே அப்படித்தான். 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த நாளிலிருந்து, மேசைக்கு எதிரே ஆட்டத்தை நடத்த ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஆட வந்தவர் திணறுவதைப் பார்த்தால் அவர் அந்த இடத்தை மாற்றியமைப்பார். உங்கள் கேமில் அந்த மனிதரின் நாற்காலி காலியாக இருக்கிறது. ஆப்ஷன் பக்கம் அந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்பட்டும்.

இருக்கிற ஆப்ஷன்களையும் தண்டனை போலக் கொடுக்காதீர்கள். 2023-இன் ஃபைனல் ஃபேன்டஸி 16-இல், தானாக விலகிக்கொள்ளவும் ஒரே பட்டனைத் தட்டித் தாக்கவும் உதவும் மோதிரங்கள் உண்டு. வேண்டியதை மட்டும் மாட்டிக்கொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். அருமையான யோசனை. ஆனால் அணிகலன்களுக்கான இடமே மூன்றுதான், அவற்றில்தான் இந்த மோதிரங்களும் உட்கார வேண்டும். உதவி தேவைப்படுகிறவர் வேறு பலன்களை இழந்துதான் அதைப் பெற வேண்டியிருக்கிறது. பெயர் வைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 1992-இல் வுல்ஃபன்ஸ்டைன் 3டி, மிக எளிய நிலையைத் தேர்ந்தெடுப்பவருக்குக் குழந்தைக் குல்லாய் மாட்டிய முகத்தைக் காட்டியது. அந்தக் கேலியின் வாடை இன்றைய மெனுக்களிலும் அடிக்கிறது. வலியோடு வருகிறவர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன. சோபாவிலிருந்து படிக்கவே முடியாத பொடி எழுத்துகள். நாலு நொடிக்குள் பதில் சொல்லியாக வேண்டிய உரையாடல்கள். கேமின் மொழியை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவருக்கு மூன்றாவது பதிலைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும், கேம் அதை மௌனம் என்று எடுத்துக்கொள்ளும். முழு விலை வாங்கிக்கொண்டு பாதி வெந்த கேமை வெளியிட்டுவிட்டு, அப்டேட்டில் சரி செய்கிறோம் என்று சொல்வது. ஒருவரே விளையாடும் கதைக்கு எந்நேரமும் இன்டர்நெட் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது. ஆட்டக்காரர்களின் பொறுமையை எல்லையில்லாதது என்று நினைத்துவிட்டீர்கள் போலத் தோன்றுகிறது. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள். இவற்றை இன்னொரு நாள் பேசலாம்.

பட்டனை வேகமாகத் தட்டும் இடத்தில், அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்றிக்கொள்ளும் வசதி கொடுங்கள். அதுவும் முடியாதவருக்கு அந்தக் காட்சி தானாக நிறைவேறட்டும். நேரம் ஓடும் உரையாடலில் கடிகாரத்தை நிறுத்த வழி வையுங்கள். சண்டை, வேகம், புதிர் ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஷன் இருக்கட்டும். சண்டையை விரும்பி ஆடுகிற எனக்குப் பாலம் மட்டும்தான் சிக்கல், அதற்காகச் சண்டையையும் இழக்க வேண்டியதில்லை. 40 மணி நேரம் கழித்துக் கை வலித்தாலும் நடுவிலேயே மாற்ற முடியட்டும். ஆப்ஷனைப் பயன்படுத்தியவருக்கு சாதனைக்கான டிராஃபியையோ கடைசிக் காட்சியையோ மறுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விரல் தோற்றதை ஆட்டக்காரரின் முடிவு என்று எழுதாதீர்கள். அவளைக் கைவிடுகிறாயா, இல்லையா என்று என்னிடம் கேளுங்கள். பதில் சொல்கிறேன்.

பாலத்துக்கு முந்தைய அந்த சேவ்-ஐ நான் அழிக்கவில்லை. பையன் காப்பாற்றிய சேவ் தனியாக இருக்கிறது, அதைத் திறப்பதில்லை. ஒரு அப்டேட் வந்து, அந்த ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாறினால், அன்றைக்கே உட்கார்ந்து அவளை நானே மேலே இழுத்துவிடுவேன். தயவுசெய்து இதைப் பரிசீலியுங்கள்.

அன்புடன்,
உங்கள் கதைகளுக்காகவே விளையாடும் ஒருவர்