பழைய பேப்பரோடு போன நோட்டு

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? முழங்காலுக்கு அந்த எண்ணெயை விடாமல் தேய். புது வீட்டில் பால் காய்ச்சின போட்டோ பார்த்தேன், அடுக்களைக்கு வெளிச்சம் நன்றாக வருகிறது. நம்ம ஹாஸ்டல் பெங்களூர்க்காரி மகள் கல்யாணத்துக்கு என்னால் போகமுடியவில்லை. அவளை நீயே சமாதானப்படுத்து, என்னைவிட உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள். அப்புறம், வார்டன் அம்மா இன்னும் தினம் கோயிலுக்கு நடந்தே போகிறாராம், போன வாரம் பார்த்தவர்கள் சொன்னார்கள். உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தாராம். ஹாஸ்டலில் நீ பாடின உப்புமாப் பாட்டை அவர் மறக்கவே மாட்டார் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஹாஸ்டலுக்குப் பெங்களூர்க்காரி கொண்டுவந்த கேசட்டில் ஜோன் பாயஸும் ஜோனி மிட்செல்லும் இருந்தார்கள். கிட்டாரும் கையுமாகத் தாங்களே எழுதிப் பாடும் பெண்கள் என்றால் நமக்கு அந்த இரண்டு பேர்தான். அதே காலத்தில் அப்படிப் பாடி, யாரும் கவனிக்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று இப்போதுதான் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ராத்திரி அடுக்களை வேலை முடிந்ததும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரிவதில்லை.

முதலில் வாஷ்டி பன்யன். இங்கிலாந்துக்காரி, 1945இல் பிறந்தவள். ஆக்ஸ்ஃபோர்டில் ஓவியம் படிக்கப் போனவள் வகுப்புக்குப் போகாமல் பாட்டு எழுதிக்கொண்டிருந்ததால் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1965இல், ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய ஒரு பாட்டைப் பாடவைத்து இசைத்தட்டு போட்டார்கள். எடுபடவில்லை. அவள் பாட விரும்பியது தன் பாட்டுகளை. 1968இல் லண்டன் வேண்டாம் என்று, காதலனோடு குதிரை வண்டி ஒன்றில் கிளம்பிவிட்டாள். ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுப் பக்கம் பாடகர் டானவன் நிலம் வாங்கி, கலைஞர்கள் சேர்ந்து வாழலாம் என்று கூப்பிட்டிருந்தார், அங்கே போக. வண்டியை இழுத்தது பெஸ் என்ற ஒரு குதிரை. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அந்த வேகத்தில் போனால் எவ்வளவு நாளாகும், யோசித்துப் பார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்தவர்களில் பலர் கலைந்துபோயிருந்தார்கள்.

வழியில் அவள் எழுதின பாட்டுகள்தான் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்ற ஆல்பம். தயாரிப்பாளர் ஜோ பாய்ட். 1969 கடைசியில் பதிவு செய்து 1970 கடைசியில் வெளியிட்டார்கள். குரலை ஒரு இடத்தில்கூட உயர்த்தமாட்டாள் மீனா. பக்கத்தில் படுத்திருக்கிற ஆளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடுவாள். உழுத நிலம், மாலையில் மூட்டுகிற அடுப்பு, குளிர்காலம் வரப்போகிறதே என்ற நினைப்பு, அவ்வளவுதான் விஷயம். குதிரை நடக்கிற நடையே தாளம். கேட்டு முடிந்ததும் நான் மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

விற்றது சில நூறு தட்டுகள். அதற்குள் அவளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. தன் பாட்டு சரியில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டு கிட்டாரை வைத்துவிட்டாள். அயர்லாந்து, அப்புறம் ஸ்காட்லாந்து, பிள்ளைகள், ஆடுமாடு என்று கிட்டத்தட்ட முப்பது வருஷம். 1990களின் கடைசியில் கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தால், அந்தத் தட்டைத் தேடி யார் யாரோ அலைந்துகொண்டிருக்கிறார்கள். 2000இல் மறுபடி வெளியிட்டார்கள். 2005இல் இரண்டாவது ஆல்பம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 35 வருஷம். 2014இல் இன்னொன்று. அவளை எல்லோரும் நாட்டுப்புறப் பாடகி என்று எழுதுகிறார்கள், அவளுக்கு அது பிடிப்பதே இல்லை. பாப் பாடகியாக வேண்டும் என்றுதான் கிளம்பினாளாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்த மெட்டுகள் சின்னதாகவும் கச்சிதமாகவும் இருக்கின்றன, ரேடியோவில் தினமும் போட்டிருந்தால் ஊரே முணுமுணுத்திருக்கும்.

அடுத்தவளைப் பற்றி எழுத எனக்குக் கை தயங்குகிறது. ஜூடி சில், அமெரிக்காக்காரி. சின்ன வயசில் அப்பா போய்விட்டார். வீட்டில் சண்டை, கொள்ளையடித்து மாட்டிக்கொண்டு சீர்திருத்தப் பள்ளி. அங்கே இருந்த தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அப்புறம் போதை, சிறை. அதிலிருந்து எழுந்து வந்து 1971இல் ஆல்பம் போட்டாள். அசைலம் என்ற கம்பெனி வெளியிட்ட முதல் ஆல்பமே அவளுடையதுதான். அடுத்த வருஷம் ஈகிள்ஸ் என்ற பிரபலமான இசைக்குழுவை உலகத்துக்குக் கொடுத்ததும் அதே கம்பெனிதான். 1973இல் இரண்டாவது ஆல்பம், 'ஹார்ட் ஃபுட்'. அதில் அத்தனை வயலின்களுக்கும் அவளே இசைக்குறிப்பு எழுதி, அவளே நின்று நடத்தியிருக்கிறாள். ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை மனசில் ஊறவைத்தவள். ஒரு குரலைப் பாடி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று தன் குரலாலேயே கோயில் கட்டுவாள். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் 'கிரியே எலைசோன்' என்ற பழைய தேவாலய மன்றாட்டு திரும்பத் திரும்ப வரும். நமக்கும் அந்த மதத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கேட்கும்போது நான் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன்.

அவள் 1979இல், 35 வயசில், போதைமருந்து அதிகமாகி இறந்துபோனாள். பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. கூடப் பழகினவர்கள் பலருக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. 1974இல் மூன்றாவது ஆல்பத்துக்காகப் பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகள் 2005இல்தான் வெளியே வந்தன. வாஷ்டிக்குக் கிடைத்த அந்த இரண்டாவது வாழ்க்கை இவளுக்கு இல்லை. இவளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் ஊசியையும் ஜெயிலையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பாட்டுக்கு நாலு வரி ஒதுக்குகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கம்பெனியில் பேர் வாங்கின எல்லோரையும்விட இவள் பெரிய இசைக்காரி என்றுதான் நான் சொல்வேன். நீ கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வா.

லிண்டா பெர்ஹாக்ஸ் பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள், பல் சுத்தம் செய்கிற வேலை. பல் காட்ட வந்த லெனர்ட் ரோசன்மன் என்ற சினிமா இசையமைப்பாளர், வேலை போக வேறென்ன செய்கிறாய் என்று கேட்கப்போய், பாட்டு எழுதுவாள் என்பது தெரிந்தது. 1970இல் ஆல்பம் வந்தது. கம்பெனி அதை ரேடியோவுக்கு ஏற்ற மாதிரி அடித்துத் தட்டையாக்கிவிட்டது. வெறுத்துப்போய் பழைய வேலையிலேயே இருந்துவிட்டாள். ஆனால் ஒழுங்கான ஒலிநாடாவைத் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்தாள். பின்னால் மறுபதிப்புக்கு அதுதான் உதவியது. ஜெர்மனியில் சிபில் பையர் என்று ஒருத்தி, 1970க்கும் 1973க்கும் நடுவில் வீட்டிலேயே டேப் ரெக்கார்டரில் பாடிவைத்துவிட்டு, அமெரிக்கா போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் அந்த டேப்புகளிலிருந்து சிடி செய்தான். அது கைமாறி 2006இல் ஆல்பமாக வெளிவந்தது.

இப்போது உங்க ஐயாவிடம் வருகிறேன். ரங்கூனிலிருந்து நடந்து வந்த கதையை அவர் நமக்கு முற்றத்தில் உட்கார்ந்து சொன்னாரே, ஒவ்வொரு லீவுக்கும் கதையில் புதிதாக ஒரு ஆறு சேரும் என்று நீ கேலி செய்வாயே, அந்த 1942இல் ரங்கூனை விட்டு இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களில் மோலி டிரேக் என்ற இங்கிலீஷ்காரப் பெண்ணும் உண்டு. கணவர் பாம்பே பர்மா கம்பெனி உத்தியோகஸ்தர். மோலியும் சகோதரி நான்சியும் டெல்லிக்கு வந்து, 'லாயிட் சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் நம்ம ஆல் இந்தியா ரேடியோவில் பாடியிருக்கிறார்கள்! சண்டை முடிந்து ரங்கூனுக்குத் திரும்பினார்கள். 1948இல் அங்கே பிறந்த பிள்ளைதான் நிக் டிரேக். அவன் மூன்று ஆல்பம் போட்டு, எதுவும் விற்காமல், 1974இல் 26 வயசில் இறந்துபோனான். இன்று அவனைத் தெரியாத இளவட்டம் இல்லை. அவன் அம்மா இங்கிலாந்து வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து தானே எழுதிப் பாடுவார். வெளியே ஒருவருக்கும் தெரியாது. 1950களில் கணவர் வீட்டு டேப் ரெக்கார்டரில் அவற்றைப் பதிவு செய்து வைத்தார். மோலி 1993இல் காலமானார். 2013இல்தான் அந்தப் பாட்டுகள் பரவலாக வெளியாயின. கேட்டுப் பார் மீனா, மகனுடைய சோகமும் அவன் மெட்டு வளைகிற விதமும் எங்கிருந்து வந்தது என்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். போனில் வீடு மாற்றின கதையைச் சொல்லும்போது, நீ பாட்டு எழுதிவைத்த அந்த நீல அட்டை நோட்டும் பழைய பேப்பரோடு போய்விட்டது என்றாய். சொல்லிவிட்டு உடனே கேஸ் கனெக்ஷன் மாற்றுகிற அலைச்சலுக்குப் போய்விட்டாய். எனக்கு அப்புறம் நீ பேசினது எதுவும் காதில் ஏறவில்லை. உப்புமாப் பாட்டு போகட்டும், அது வார்டன் அம்மாவுக்கே மனப்பாடம். மற்றவை? மொட்டை மாடியில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு நீ பாடினவை? 'அதெல்லாம் ஒரு வயசு' என்று சிரிக்காதே. பரீட்சைக்குப் படிக்காமல் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். பூட்டின வீட்டைப் பற்றின அந்தப் பாட்டு சாதாரணப் பாட்டு இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

இவர்கள் கதையில் எனக்குக் கவலையாக இருப்பது பேர் கிடைக்கவில்லை என்பது இல்லை. மோலி டிரேக் பேருக்கு ஆசைப்பட்டவராகவே தெரியவில்லை. ஒரு கணவர் பொத்தானை அமுக்கினார், ஒருத்தி நாடாவைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தாள், ஒரு மகன் பெட்டியைத் திறந்து பார்த்தான். அந்தச் சின்னக் காரியம் நடக்காமல் போயிருந்தால் ஒன்றுமே இல்லை. பில் ஃபே என்று லண்டனில் ஒருவர், 1970இலும் 1971இலும் இரண்டு ஆல்பம் போட்டபின் கம்பெனி கைவிட்டுவிட்டது. தோட்ட வேலை, கூலி வேலை பார்த்துக்கொண்டு வீட்டில் பியானோவில் எழுதிக்கொண்டே இருந்தார். ரொம்ப வருஷம் கழித்து, அப்பாவின் இசைத்தட்டுகளில் அவரைக் கேட்டு வளர்ந்த ஒரு அமெரிக்கத் தயாரிப்பாளர் தேடிப் போனபோது, பாட வேண்டிய பாட்டெல்லாம் தயாராகக் கையில் இருந்தது. 2012இல் ஆல்பம் வந்தது. 2025 பிப்ரவரியில் காலமானார்.

உனக்கு ஆல்பம் வேண்டாம். மேடையும் வேண்டாம். நோட்டுதானே போயிற்று, நீ இருக்கிறாய். ஞாபகம் இருக்கிறவரை பாடிப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. எழுதி அனுப்பாதே, எழுத்தில் மெட்டு வராது. போனில் எப்படிப் பதிவு செய்வது என்று அண்ணனைக் கேள், இல்லாவிட்டால் பேரன் ஒரு நிமிஷத்தில் செய்து தருவான். சாவிப் பாட்டிலிருந்து ஆரம்பி. பல்லவி எனக்கு இருக்கிறது:

நாலு கட்டு வீட்டுக்குள்ளே நாலு பூட்டுத் தொங்குதடி
ஆளு யாரும் வாரதில்லே, சாவி மட்டும் தூங்குதடி

முதல் சரணம் பாதிதான் வருகிறது. இரண்டாவது சுத்தமாக இல்லை, அதில் உங்க அப்பத்தா வருவார் என்பது மட்டும் ஞாபகம். மழை பிடிப்பதற்குள் நான் அங்கே வருகிறேன், இரண்டு நாள் தங்குவதுபோல. உன் சுருதிப்பெட்டி இருக்கிறதா, அதையும் போட்டுவிட்டாயா? இல்லையென்றால் சொல், என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சாந்தா