கெம்போங் மீனை அளக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் விழாவுக்கு மீன் அளவீட்டைத் தலைப்பாக எடுக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறோம். பாசாரில் கெம்போங் (கானாங்கெளுத்தி) என்று விற்பது ஒரே இனமல்ல. ராஸ்ட்ரெல்லிகர் பிராக்கிசோமா, ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா என்ற இரு இனங்களும் ஒரே தட்டில் கலந்து கிடக்கலாம்.

அவற்றைப் பிரித்தறிய, மீனின் வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் பிளக்கும் கவை வரை அளக்க வேண்டும். அதை, செவுள் மூடியின் ஓரத்தில் உள்ள உடல் உயரத்தால் வகுத்தால் பிராக்கிசோமாவுக்கு 3.7 முதல் 4.3 வரையும், கனகுர்த்தாவுக்கு 4.3 முதல் 5.2 வரையும் வரும். வயிற்றின் நடுவில் உயரத்தை அளக்காதீர்கள். சினை இருந்தாலும் இரை நிறைந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். ஐஸ் பெட்டியின் அடியில் நசுங்கிய மீனும், குடல் எடுத்த மீனும் ஆகாது.

தையல் டேப் உடலின் வளைவோடு போவதால் நீளத்தைக் கூட்டிக் காட்டும். பள்ளியில் உள்ள 15 செ.மீ. வெர்னியர் கேலிப்பர் உயரத்துக்குப் போதும், நீளத்துக்குப் போதாது. பலகையில் அடிக்கோலை ஒட்டி, பூஜ்ஜியத்தில் ஒரு கட்டையை நிறுத்தி, மூக்கை அதில் முட்டவைத்து அளப்பதே நல்லது.

பெரும்பாலும் சறுக்குவது எல்லைக்கோட்டில்தான். 200 மி.மீ. மீனின் உயரம் 46 என்றால் விகிதம் 4.35, 47 என்றால் 4.26. ஒரே மில்லிமீட்டரில் இனமே மாறுகிறது! எனவே ஒருவரே, எல்லா மீன்களையும் இடப்பக்கமாகவே, மும்முறை அளந்து நடு எண்ணை எடுக்கட்டும். எல்லையில் நிற்கும் மீனுக்குத் தலை நீளத்தையும் பாருங்கள்: கனகுர்த்தாவில் தலை உடல் உயரத்தைவிட நீளம்; பிராக்கிசோமாவில் உயரத்துக்குச் சமம் அல்லது குறைவு. அப்போதும் ஐயம் தீராவிட்டால் குடலை இழுக்காமல் பிரித்து அளக்கலாம். கனகுர்த்தாவில் அது மீன் நீளத்தைப்போல் 1.4 முதல் 1.8 மடங்கு, பிராக்கிசோமாவில் 3.2 முதல் 3.6 மடங்கு. எங்களுக்கு அதிக நம்பிக்கை இதில்தான்.

ஒரு தட்டில் குஞ்சுகளையும் இன்னொன்றில் பெரிய மீன்களையும் வாங்கி ஒப்பிடுவது வீண் வேலை. வளர வளர உடல் விகிதம் மாறும். கிடைக்கும் வேறுபாடு வயதினுடையதா இனத்தினுடையதா என்று சொல்லவே முடியாது. இரு இனத்திலும் ஒத்த நீளமுள்ள மீன்களையே தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு மீனுக்கும் எண்ணிட்ட சீட்டு கட்டி, கணக்கைச் சரிபார்க்கும் வரை ஐஸில் வையுங்கள். அதற்குமுன் யாரும் குழம்பில் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.