துப்பறியும் கதை வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சுண்டலுக்காகத்தான் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் எடுத்த முடிவை முதலில் நினைவுபடுத்துகிறேன். வருடம் முழுக்க ரத்தமும் சவக்கிடங்குமாகப் படித்து அலுத்துவிட்டது, தூக்கம் வருவதில்லை என்று பலர் முறையிட்டார்கள். அதனால் இந்த ஆண்டை 'கோஸி மிஸ்டரி' வகைக்கு ஒதுக்கினோம். கொலை நடக்கும், ஆனால் அது பெரும்பாலும் கதைக்கு வெளியே நடந்து முடிந்திருக்கும். சிறிய ஊர், தெரிந்த முகங்கள், நிறையச் சாப்பாடு, கொஞ்சம் வம்பு. நம் பொருளாளர் வைத்த பெயர்தான் பொருத்தம்: 'காபி ஆறாமல் படிக்கிற கொலை'. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டோம். துப்பறிபவர் போலீஸ்காரராகவோ தொழில்முறை ஆளாகவோ இருக்கக்கூடாது. அந்த நிபந்தனையை எத்தனை முறை மீறினோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. எந்தக் கதையின் கொலையாளியும் இந்த அறிக்கையில் இடம்பெறமாட்டார். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதும் போகப் போகத் தெரியும்.

ஆண்டில் 12 கூட்டங்கள் நடந்தன. பெரும்பாலும் ஆங்கிலப் பிரதிகள்தான் கிடைத்தன. ஆங்கிலத்தில் படிக்கத் தயங்கியவர்களுக்குக் கதையைத் தமிழில் சொன்ன மூன்று உறுப்பினர்களுக்கு நன்றி. முடிவை மட்டும் சொல்லாமல் நிறுத்தியதற்கு இன்னொரு நன்றி.

ஜனவரியில் ரிச்சர்ட் ஓஸ்மன் 2020இல் எழுதிய வியாழக்கிழமைக் கொலை மன்றத்தில் தொடங்கினோம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பு. முன்னாள் உளவாளி, ஓய்வுபெற்ற செவிலியர், மனநல மருத்துவர், தொழிற்சங்கத் தலைவர் என நால்வர் வாரம் ஒருமுறை கூடிப் பழைய வழக்குகளை அலசுகிறார்கள். அவர்கள் அறையைப் பதிவு செய்யும்போது 'ஜப்பானிய இசை நாடகம்: ஒரு கலந்துரையாடல்' என்று எழுதிவைக்கிறார்கள். அப்படி எழுதினால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் அல்லவா! நமக்கும் அதே சிக்கல் இருந்தது. மண்டபப் பதிவேட்டில் 'கொலை நாவல் கூட்டம்' என்று நான் எழுதியதைப் பார்த்து, பக்கத்து அறையில் பஜனை நடத்துபவர்கள் கவலைப்பட்டார்கள். பிப்ரவரி முதல் 'இலக்கியக் கலந்துரையாடல்' என்று மாற்றினோம். அதன்பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. ஆகஸ்டு கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த இதன் திரைப்படத்தைத் தலைவர் வீட்டில் பார்த்தோம். முன்னாள் உளவாளியாக ஹெலன் மிர்ரன் நன்றாகத்தான் செய்தார். ஆனால் புத்தகத்தில் அந்தச் செவிலியர் ஜாய்ஸ் எழுதும் நாட்குறிப்பின் சிரிப்பு படத்தில் இல்லை என்பது பெரும்பான்மைக் கருத்து. என் கருத்தும் அதுவே.

பிப்ரவரியில் பாதர் பிரவுன். குட்டையான, வட்ட முகப் பாதிரியார். பெரிய குடை ஒன்றை எங்கேயாவது தவறவிட்டுக்கொண்டே இருப்பார். செஸ்டர்டன் 1910இல் எழுதிய முதல் கதையில் பாரிஸ் போலீஸின் தலைவரே வருகிறார். ஆனாலும் திருடனைச் சரியாக எடைபோடுவது இந்தப் பாதிரியார்தான். உலகம் தெரியாதவர் என்று நினைத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். பாவமன்னிப்பு கேட்க வரிசையில் வருபவர்களின் பாவங்களையெல்லாம் உட்கார்ந்து கேட்பதுதான் அவர் வேலை. இவர் வரும் இன்னொரு கதையில், ஒரு வீட்டு வாசலை நான்கு பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் உள்ளே போகவில்லை என்று நால்வரும் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் ஒருவன் போயிருக்கிறான். அந்தக் கதையின் பெயரைச் சொன்னால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும், அதனால் சொல்லவில்லை.

மார்ச்சில் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் தி விகரேஜ்'. 1930இல் வந்தது, துப்பறியும் கிராமத்துக் கிழவி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல். நம் அலமாரிப் பிரதியில்தான் இந்த ஆண்டின் பெரிய விவகாரம் ஆரம்பமானது.

27ஆம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில், கொலையாளியின் பெயரை யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.

முதலில் பழைய புத்தகக் கடையிலிருந்தே அப்படி வந்திருக்கும் என்று நினைத்தேன். ஏப்ரலில் இன்னொரு நூலில் அதே பக்கம், அதே எழுத்து. அது நாம் புதிதாக வாங்கிய பிரதி. ஜூனுக்குள் நான்கு நூல்கள் ஆகிவிட்டன. உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். ஒருவர் சந்தாவைத் திருப்பிக் கேட்டார். (கொடுக்கவில்லை.) விசாரணைப் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் ஒப்படைத்தது. படித்த நாவல்கள் தந்த தைரியத்தில் நானும் ஒப்புக்கொண்டேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலையாளியைச் சொல்லிவிடும் நண்பரைச் சந்தேகித்தேன். எப்போதும் சட்டைப்பையில் பென்சில் வைத்திருக்கும் குறுக்கெழுத்துப் பிரியரைச் சந்தேகித்தேன். கல்லூரி மாணவர் இருவரிடம் கையெழுத்து மாதிரி வாங்கினேன். மொத்தம் 14 பேரை விசாரித்தேன். விசாரிக்கப்பட்டவர்களில் சிலர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மனத்தாங்கலுக்கு இந்த அறிக்கை வாயிலாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மீதி விவரம் அக்டோபர் கூட்டத்தில் வரும்.

ஏப்ரலில் அகதா ரெய்சின். எம்.சி. பீட்டன் 1992இல் தொடங்கிய வரிசை. லண்டனில் மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்தி ஓய்வுபெற்ற பெண், கிராமத்துக்குக் குடிவருகிறார். சமையல் போட்டிக்குக் கடையில் வாங்கிய பண்டத்தைத் தான் செய்ததாகச் சொல்லி வைக்கிறார். அதைத் தின்ற நடுவர் இறந்துபோகிறார். இப்போது, தான் கொலை செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால் தான் சமைக்கவில்லை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். எது பெரிய அவமானம்? கடை முறுக்கை வீட்டு முறுக்கு என்று சீர்த்தட்டில் வைத்த அனுபவங்கள் வரிசையாக வெளிவந்தன. பெயர்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

மே மாதம் பூனைகள் கதை, லிலியன் ஜாக்சன் பிரான் எழுதியது. பிடித்தவர்களுக்குப் பிடித்தது. எனக்குப் பூனை ஆகாது.

ஜூனில் செம்மறியாடுகள். ஆண்டின் சிறந்த கூட்டம் இதுதான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. லியோனி ஸ்வான் என்ற புனைபெயரில் எழுதும் ஜெர்மானிய எழுத்தாளரின் 2005ஆம் ஆண்டு நாவல். அயர்லாந்துக் கடற்கரை கிராமம் ஒன்றில் மேய்ப்பர் மண்வெட்டி பாய்ந்து கிடக்கிறார். துப்பறிவது அவருடைய ஆடுகள். மேய்ப்பர் தினமும் காதல் கதைகளை உரக்கப் படித்துக்காட்டியதால் அவற்றுக்கு மனிதப் பேச்சு புரியும். மந்தையில் கெட்டிக்கார ஆட்டின் பெயர் மிஸ் மேப்பிள். மனிதர்கள் ஆடுகளின் எதிரில் எதையும் மறைக்காமல் பேசிவிடுகிறார்கள். அந்த அளவில் ஆட்டைவிட நல்ல ஒற்றன் இல்லை. ஆனால் கண்டுபிடித்ததை மனிதரிடம் எப்படிச் சொல்வது? கதையின் உயிரே அந்தச் சிக்கலில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஆந்தியா பெல். ஆஸ்டரிக்ஸ் சித்திரக்கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர். வார்த்தை விளையாட்டுகள் ஏன் அவ்வளவு சரளம் என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.

ஜூலையில் நம் பக்கத்து ஊருக்கு வந்தோம். ஹரிணி நாகேந்திராவின் 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்'. களம் 1921. மருத்துவரின் இளம் மனைவி காவேரிக்குக் கணக்கின் மேல் ஆசை. பெண் அதிகம் படித்தால் ஆகாது என்பது மாமியாரின் கொள்கை. செஞ்சுரி கிளப் விருந்தில் கொலை நடக்கிறது. விஸ்வேஸ்வரய்யா 1917இல் தொடங்கிய அதே கிளப்தான். எழுத்தாளர் சூழலியல் ஆய்வாளர் என்பதால் பெங்களூரின் ஏரிகளும் மரங்களும் கதையில் வெறும் அலங்காரமாக இல்லை. கொலை முடிச்சு சுமார்தான் என்று நால்வர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து வீட்டுப் பெண்ணால் ஒரு போலீஸ்காரர் நுழைய முடியாத அடுக்களைக்கும் போக முடியும், அவரோடு பேசத் தயங்கும் பெண்களோடும் பேச முடியும் என்பதை இந்த நாவல் நன்றாகவே காட்டுகிறது.

ஆகஸ்டில் நாவல் இல்லை, நச்சு பற்றிய உரை. அகதா கிறிஸ்டி முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் டார்க்கி நகரில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். 1920இல் வந்த அவருடைய முதல் நாவலை மருந்தாளுநர்களின் தொழில் இதழே பாராட்டியது. அதில் வரும் ஸ்டிரிக்னின், நம் ஊர் எட்டி மரத்தின் விதையிலிருந்து எடுப்பது என்று ஓய்வுபெற்ற மருந்தாளுநரான நம் உறுப்பினர் சொன்னபோது அரங்கம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று பள்ளியில் ஒப்பித்ததற்கு இப்படியொரு உறவு! நாவலில் அது எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதை அவர் சொல்ல வந்தார். தலைவர் தடுத்துவிட்டார்.

செப்டம்பரில் நிபந்தனையை மீறினோம். ஒன்று, மும்பையில் ஓய்வுபெற்ற அன்றே குட்டியானை ஒன்றைப் பரிசாகப் பெறும் இன்ஸ்பெக்டர் சோப்ரா. வசீம் கான் எழுதியது. இன்னொன்று, போட்ஸ்வானாவின் தலைநகரில் துப்பறியும் நிலையம் நடத்தும் ப்ரெஷியஸ் ரமோட்ஸ்வே. அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் நாயகி. பெயர்ப்பலகை மாட்டிப் பணம் வாங்குபவர் எப்படி அமெச்சூர் ஆவார் என்று ஒரு மணி நேரம் சண்டை. அப்பா விட்டுப்போன மாடுகளை விற்றுத் தொழில் தொடங்கியவர், ஒரு கையேட்டைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்பவர், அதனால் அமெச்சூர்தான் என்று தீர்ப்பானது. யானை விஷயத்தில் தீர்ப்பு நிலுவையில் உள்ளது.

அக்டோபரில் மறுபடியும் மிஸ் மார்ப்பிள். நாவலுக்கும் முன்னால், 1927 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் வந்த அவருடைய முதல் சிறுகதையைப் படித்தோம். செயின்ட் மேரி மீட் கிராமம், மார்ப்பிளின் வீடு. தீராத மர்மங்களை ஆளுக்கொன்றாகச் சொல்லி விடை தேடுவோம் என்று விருந்தினர்கள் திட்டமிடுகிறார்கள். ஓர் இளம்பெண் ஆட்களை எண்ணுகிறாள். ஐந்து பேர், ஆறாக இருந்தால் நன்றாயிருக்கும் என்கிறாள். பின்னிக்கொண்டிருந்த கிழவி, என்னை விட்டுவிட்டாயே கண்ணே என்கிறாள். அது அவள் வீடு! தேநீரும் அவளுடையது!

இந்த இடத்தைப் படித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து 82 வயதாகும் நம் மூத்த உறுப்பினர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னையும்தாம்ப்பா யாரும் கேக்கலை."

எதை என்றேன்.

"அந்தப் பென்சில் விஷயத்தை."

மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. வாடகை நூல்நிலையங்களின் காலத்தில், படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்து ஏமாறாமலிருக்க 27ஆம் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாராம். இப்போது புள்ளியைப் பார்த்தால் படித்தது தெரிகிறதே தவிர, யார் கொன்றது என்பது மறந்துவிடுகிறது. அதனால் பெயரையே எழுதுகிறார். சுற்றறிக்கையில் நான் 'விஷமி' என்று எழுதியிருந்ததால், அது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டாராம். நூல் வழங்கும் பதிவேட்டில் நான்கு நூல்களுக்கும் அவர் பெயர் இருந்தது. நான் பார்த்திருந்தேன். பார்த்தும் அடுத்த பெயருக்குப் போயிருந்தேன். பாதர் பிரவுன் கதையில் வாசலில் நின்ற நால்வரைப் பார்த்துப் பிப்ரவரியில் அதிகம் சிரித்தது நான்தான் என்பதைச் சில உறுப்பினர்கள் அன்று நினைவூட்டினார்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஆள் யார் என்று தெரிந்துகொண்டு படித்தால்தான் எழுதியவளின் கைவேலை தெரியும் என்றார். அதை ஏற்று டிசம்பரில், முன்பே படித்தவர்கள் மட்டும் கூடி, மார்ச் மாத நாவலைத் திரும்பப் படித்தோம். இருபது பேர் வந்தார்கள். கிறிஸ்டி எதையும் ஒளிக்கவில்லை. வேண்டியதெல்லாம் முதல் சில அத்தியாயங்களிலேயே கண்முன் கிடக்கிறது. நம் கண்ணை வேறு பக்கம் திருப்புவதில்தான் அவருடைய சாமர்த்தியம். தோட்டவேலை நல்ல மறைப்பு, பறவை பார்க்கும் தொலைநோக்கி வேறு காரியங்களுக்கும் உதவும் என்று சொல்லப்படும் இடத்தை முதல் வாசிப்பில் வெறும் கிண்டல் என்று கடந்திருந்தேன்.

நவம்பரில் தேவனின் துப்பறியும் சாம்பு. வங்கிக் குமாஸ்தா, அசடு என்று பெயரெடுத்தவர், ஆனந்த விகடன் வாசகர்களின் செல்லம். சாம்புவையும் மார்ப்பிளையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று விவாதம். என் எண்ணம், கூடாது. மார்ப்பிளை ஒன்றும் தெரியாதவள் என்று ஊர் நினைக்கிறது, அவளுக்கு எல்லாம் தெரியும். சாம்புவுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைக்கிறது, அவருக்கு ஒன்றும் தெரியாது. குருட்டு அதிர்ஷ்டம் திருடனைக் கொண்டுவந்து அவர் காலடியில் போடுகிறது. என் விசாரணையை வைத்து என்னைச் சாம்பு என்று அழைக்கத் தொடங்கியவர்களுக்கு: எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

இனி கணக்கு. உறுப்பினர்கள் 32 பேர், ஆண்டுச் சந்தா ரூ.360. மூவர் பாக்கி என்பதால் வரவு ரூ.10,440. செலவு: நூல்கள் ரூ.5,870, காபியும் சுண்டலும் ரூ.3,640, மண்டப வாடகை ரூ.600. கையிருப்பு ரூ.330. ரமோட்ஸ்வேயின் நிலையம் தொடங்கும்போது இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு பழைய தட்டச்சு இயந்திரம், ஒரு தேநீர்க் கெண்டி, மூன்று குவளை இருந்தனவாம். நம்மிடம் ஓர் அலமாரியும் இரண்டு பிளாஸ்க்கும் இருக்கின்றன. ஒரு பிளாஸ்க்கில் சூடு நிற்பதில்லை. புதிது வாங்க அனுமதி கோருகிறேன்.

செயற்குழுத் தீர்மானம் ஒன்றையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். மூத்த உறுப்பினர் தம் குறிப்பை இனி நூலின் கடைசி வெள்ளைத்தாளில் எழுதலாம். அவருக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கிய செலவு ரூ.40ஐத் தலைவர் தம் கையிலிருந்து ஏற்றுக்கொண்டார்.

கடைசியாக, செம்மறியாட்டு நாவல் மூன்று மாதமாக அலமாரிக்குத் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று யாரையும் விசாரிக்கப்போவதில்லை. இந்த முறை பதிவேட்டை ஒழுங்காகப் பார்த்துவிட்டேன். அவர் இன்று இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்